தண்ணீர் திரும்பி வரும் வழி: நான்கடித் தொட்டியில் ஒரு சிற்றோடை

மீன் தொட்டியில் பம்ப் மாட்டினால் தண்ணீர் சுற்றும். ஆனால் ஓடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குச் சரியாகப் புரிய ஒரு தொட்டியை இரண்டு முறை கட்ட வேண்டியிருந்தது. ஒரே திசையில் தண்ணீர் ஓடும் தொட்டியை வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்காக, முதல் முறை எங்கே தவறியது, இரண்டாம் முறை எதை மாற்றினேன், என்ன அளந்தேன் என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாயில் கால் நனைத்து வளர்ந்தவன் நான். மடை திறந்திருக்கும் நாட்களில், தண்ணீர் வேகமாக விழும் இடத்துக்குச் சற்றுக் கீழே மீன்கள் வரிசையாகத் தலையை எதிர்த்திசையில் வைத்து நிற்கும். நிற்பது போலத் தெரியுமே தவிர, அவை நீந்திக்கொண்டேதான் இருக்கும். மிதந்து வரும் புழுவையோ பூச்சியையோ கவ்வ ஒரு வெட்டு வெட்டும். மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடும். புதுவெள்ளம் வந்தால் எதிரேறிப் போகும். அந்த மீனை அசையாத தண்ணீரில் போட்டு வைத்தால் அது உயிரோடு இருக்கலாம், ஆனால் அதன் உடம்பு எதற்காக அப்படி அமைந்ததோ அந்த வேலை அதற்கு இல்லாமல் போகிறது. ஓடைத் தொட்டி மீது எனக்கு ஆசை வந்தது அதனால்தான்.

முதல் தொட்டி

இப்போது இருப்பது பாளையங்கோட்டையில். தரைத்தளத்து வீடு என்பதால் எடையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். 10 மி.மீ. கண்ணாடி. தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 280 கிலோ வரும். இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்டு அடித்து, மேலே பலகையும் அதன்மேல் ஒரு தெர்மாகோல் ஷீட்டும் விரித்து வைத்தேன். தெர்மாகோல் இல்லாமல் வைத்தால் ஸ்டாண்டில் இருக்கும் சின்ன மேடு பள்ளம்கூட ஒரே இடத்தில் அழுத்தி அடிக் கண்ணாடியில் விரிசல் விழவைக்கும்.

கல்லை ஒட்டி வாழும் லோச் மீன்களை வளர்ப்பவர்கள் பல வருடங்களாகப் பயன்படுத்தும் ஓர் அமைப்பு உண்டு. தொட்டியின் ஒரு முனையில் ஸ்பாஞ்சு மூடிய உறிஞ்சு குழாய்கள். அவற்றிலிருந்து அடித்தரையில் சரளைக்குக் கீழே பிவிசி குழாய்கள் மறுமுனைக்குப் போகும். அங்கே பவர்ஹெட் எனப்படும், தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் சிறு பம்புகள் அந்தக் குழாயிலிருந்து தண்ணீரை இழுத்து, வந்த பக்கமாகவே பீய்ச்சும். தண்ணீர் மேலே ஒரு திசையில் போகிறது, கீழே குழாய் வழியாகத் திரும்புகிறது. செலவும் குறைவு, பார்க்கவும் எளிது. நான் அதைத்தான் செய்தேன். மணிக்கு 3,000 லிட்டர் என்று அட்டையில் போட்டிருந்த பவர்ஹெட் இரண்டு, முக்கால் இன்ச் குழாய், திருப்பங்களுக்கு எல்போக்கள். தண்ணீருக்குள் இருக்கும் இணைப்புகளுக்குப் பசை போடவில்லை. இறுக்கிச் செருகினாலே போதும், பின்னால் கழற்றிக் கழுவவும் முடியும்.

சுவிட்சைப் போட்டதும் பம்புகள் உறுமின. ஒரு வேப்பிலையைப் போட்டேன். பம்புக்கு முன்னால் ஒரு முழம் தூரம் விறுவிறுவென்று போன இலை, அப்புறம் தயங்கி, பக்கவாட்டில் ஒதுங்கி, முன்கண்ணாடியை ஒட்டிப் பின்னோக்கி வந்து, பம்புக்குப் பக்கத்திலேயே மறுபடி சேர்ந்தது. எத்தனை இலை போட்டாலும் அதே கதைதான். எனக்குக் கிடைத்திருந்தது இரண்டு சுழிகள்.

பம்ப் சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் தெருவில் குழாய் வேலை செய்யும் அண்ணாச்சியை அழைத்துக் காட்டினேன். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை அவர்.

"தம்பி, மோட்டார் மேல குத்தம் இல்ல. முக்கா இஞ்சு பைப்புல இத்தன எல்போவ மாட்டுனா தண்ணி எப்படி வரும்? பைப்ப பெருசாப் போடுங்க."

அளந்து பார்ப்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. 5 லிட்டர் கொள்ளும் பாலித்தீன் பையை முழுக்கக் காற்று நீக்கித் தண்ணீருக்குள்ளேயே பம்பின் வாயில் பிடித்து, அது நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். அட்டையில் போட்ட கணக்குப்படி 6 நொடியில் நிறைய வேண்டிய பை 12 நொடி எடுத்தது. அதாவது மணிக்கு 1,500 லிட்டர். பாதி போய்விட்டது. முக்கால் இன்ச் என்று விற்கும் 25 மி.மீ. குழாயின் உள்விட்டம் 21 மி.மீ. அளவுதான்; அதற்குள் 3,000 லிட்டர் போக வேண்டுமென்றால் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். அந்த வேகத்தில் உராய்வும் திருப்பங்களும் பம்பின் மூச்சைத் தின்றுவிடுகின்றன. பவர்ஹெட் என்பது கிணற்று மோட்டார் அல்ல, அதற்கு அழுத்தம் கொடுக்கும் சக்தி கொஞ்சம்தான்.

குழாயை 40 மி.மீ.க்கு மாற்றினேன். கடைகளில் ஒன்றேகால் இன்ச் என்பார்கள். பை 7 நொடியில் நிறைந்தது. அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இருந்தும் இலை பழையபடியே சுழன்றது.

எங்கே தவறு?

அன்றிரவு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கு. இரண்டு பம்பும் சேர்ந்து நொடிக்கு 1.4 லிட்டர், அதாவது 1,400 கன செ.மீ. தள்ளுகின்றன. சரளைக்கு மேல் தண்ணீர் 30 செ.மீ. ஆழம், தொட்டி 45 செ.மீ. அகலம், ஆக ஓடும் பாதையின் குறுக்களவு 1,350 சதுர செ.மீ. வகுத்தால் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 1 செ.மீ. எறும்பு இதைவிட வேகமாகப் போகும். பம்பின் வாயில் தெரியும் சீற்றம் முழுவதும் ஒரு மெல்லிய தாரை. அது பக்கத்துத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் இழுத்துக்கொண்டு போன தண்ணீர் திரும்பி வர வேண்டுமே? குழாய் வழியே பம்ப் உறிஞ்சும் அளவு மட்டும்தான் திரும்ப முடியும். மிச்சமெல்லாம் தாரைக்குப் பக்கவாட்டில், நாம் ஓட்டம் வேண்டும் என்று நினைக்கும் அதே இடத்தில், எதிர்த்திசையில் திரும்புகிறது. சுழி அப்படித்தான் பிறக்கிறது.

நொடிக்கு 10 செ.மீ. வேகம் தொட்டி முழுவதும் வேண்டுமென்றால் மணிக்கு 48,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் திரும்ப வேண்டும். அதை எந்தக் குழாய் வழியாகவும் சரளைக்குக் கீழே அனுப்ப முடியாது. பெரிய பம்ப் வாங்குவதில் அர்த்தமே இல்லை. திரும்பும் வழி அகலமாக வேண்டும்.

குழாய் அமைப்பை நான் குறை சொல்லவில்லை. ஒன்றரை அடி, இரண்டடி நீளமுள்ள ஒடுக்கமான தொட்டியில், பம்பின் தாரை படும் கல்லிலேயே ஒட்டிக்கொண்டு பாசி மேயும் மீன்களுக்கு அது நன்றாகவே போதும். நடுத்தண்ணீரில் கூட்டமாக நிற்கும் மீன்களை வைத்து நான்கடியில் செய்ய நினைப்பவருக்கு அது பற்றாது.

தடுப்பு

இரண்டாம் அமைப்பில் குழாயே கிடையாது. பின்கண்ணாடியிலிருந்து 12 செ.மீ. தள்ளி, அதற்கு இணையாக, 90 செ.மீ. நீளத்தில் ஒரு தடுப்பு. இரு முனையிலும் 15 செ.மீ. இடைவெளி. பின்னால் குறுகிய கால்வாய், முன்னால் 32 செ.மீ. அகலத்தில் ஓடை. கால்வாயில் வேவ்மேக்கர், அதாவது விசிறி போலத் தண்ணீரைத் தள்ளும் பம்ப், தண்ணீரை இடமிருந்து வலமாகத் தள்ளும். அது தடுப்பைச் சுற்றி வந்து முன்பக்கம் வலமிருந்து இடமாக ஓடி மறுபடி கால்வாய்க்குள் நுழையும். இங்கே பம்ப் தண்ணீரை எங்கும் உறிஞ்சி ஏற்ற வேண்டியதில்லை. நடுவில் நின்று தள்ளினால் மட்டும் போதும். தாரை இழுத்துச் செல்லும் தண்ணீருக்கும் இப்போது அதே திசையில்தான் போக வழி இருக்கிறது. முன்பு எனக்கு எதிராக வேலை செய்த அதே விஷயம் இப்போது எனக்காக வேலை செய்கிறது.

தடுப்புக்குக் கடப்பாக் கல்லைப் போடலாம், கறுப்பாக அழகாக இருக்கும் என்று கொத்தனார் ஒருவர் சொன்னார். நல்ல வேளையாகச் சோதித்துப் பார்த்தேன். கழிப்பறை கழுவும் ஆசிட் இரண்டு சொட்டு விட்டதும் நுரைத்துக்கொண்டு பொங்கியது. கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல். தொட்டிக்குள் கிடந்தால் மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஹெச்சையும் ஏற்றிக்கொண்டே போகும். தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது. அப்படிப்பட்ட தண்ணீரில் வாழும் மீன்களுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் தேவையில்லை. 6 மி.மீ. கண்ணாடியையே வெட்டி வாங்கிப் பின்பக்கம் கறுப்பு ஷீட் ஒட்டினேன். சிலிக்கான் வாங்கும்போது பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். குளியலறைக்கு விற்கும் வகைகளில் அந்த மருந்து பெரும்பாலும் இருக்கும். ஒட்டிய பிறகு ஒரு வாரம் காயவிட்டேன். வினிகர் வாசனை முழுக்கப் போன பிறகுதான் தண்ணீர் ஊற்றினேன்.

நான்கு மூலைகளும் அடுத்த தொல்லை. செங்கோணத்தில் மோதும் தண்ணீர் அங்கேயே சுழன்று வேகத்தை இழக்கும், அழுக்கும் அங்கே தேங்கும். ஆறு இன்ச் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு கால்வட்டத்தை நிறுத்தி ஒட்டினேன். இதற்கு ஆன செலவு மிகச் சொற்பம். இந்தத் தொட்டியில் செய்த வேலைகளிலேயே அதிகப் பலன் கொடுத்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

வேவ்மேக்கர் 24 வோல்ட் டிசியில் ஓடுவது, மணிக்கு 10,000 லிட்டர் என்று எழுதப்பட்டது, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கண்ட்ரோலரும் உண்டு. அதை முதலில் கால்வாயின் கடைசியில் மாட்டியிருந்தேன். தாரை நேராகப் பக்கக் கண்ணாடியில் மோதித் தெறித்தது, அவ்வளவுதான். அதையே கால்வாயின் நுழைவாயிலுக்கு மாற்றியபோது தாரை விரிந்து கால்வாய் முழுவதையும் நிரப்ப நீளம் கிடைத்தது. ஒரே பம்ப், ஒரே மின்சாரம், ஆனால் முன்பக்கத்து ஓட்டம் கண்ணுக்குத் தெரியும்படி கூடியது. கால்வாயின் வெளிவாயில் தண்ணீர் மட்டம் நுழைவாயைவிட ஏறத்தாழ ஒரு செ.மீ. உயர்ந்து நின்றது. அந்த ஒரு செ.மீ. சரிவுதான் என் ஆறு.

மீன் விடுவதற்கு முன்பே வேகத்தை அளந்தேன். கேசரிப் பவுடரைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, நடு ஆழத்தில் ஒரு சொட்டு விட்டால் சிவப்புக் கோடு போகும் பாதை தெளிவாகத் தெரியும். கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் 60 செ.மீ. குறித்து வைத்துப் பலமுறை பார்த்தேன்; 7 நொடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆனது. நொடிக்கு 9 செ.மீ. குறுக்களவோடு பெருக்கினால் மணிக்கு 31,000 லிட்டர் தண்ணீர் சுற்றுகிறது. பம்பின் திறனைப் போல மூன்று மடங்கு! மிச்ச இரண்டு மடங்கும் தாரை தன்னோடு இழுத்து வந்த தண்ணீர். சரளையை ஒட்டி வேகம் பாதிகூட இல்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும்; ஆற்றிலும் அடியில் தண்ணீர் மெதுவாகத்தான் போகும், சிறு உயிர்கள் அங்கே ஒண்டி வாழ்வதும் அதனால்தான்.

கல்லும் மணலும்

ஆற்றிலிருந்து எதையும் அள்ளி வரவில்லை. தாமிரபரணியில் போன மணல் போதும். தண்ணீர் சுத்திகரிப்புச் சாதனங்களுக்குள் போட, அளவு பிரித்த கூழாங்கல்லும் மணலும் மூட்டையில் விற்பார்கள். அதை வாங்கிக் கழுவிப் போட்டேன். பெரிய உருண்டைக் கற்கள் நர்சரித் தோட்டத்தில் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் ஆசிட் சொட்டுச் சோதனை செய்தேன்.

கல் அடுக்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: அதே தண்ணீர் குறுகிய இடத்தில் வேகமாகவும் அகன்ற இடத்தில் மெதுவாகவும் போகும். ஓடையின் நடுவில் இருபக்கமும் கற்களை நெருக்கி வழியைப் பாதியாக்கினேன். அங்கே வேகம் நொடிக்கு 20 செ.மீ.யைத் தொட்டது. அதற்குக் கீழே 35 செ.மீ. நீளத்துக்குக் கல்லே இல்லாமல் விட்டேன், அது மடு. ஒவ்வொரு பெரிய கல்லுக்குப் பின்னாலும் ஓட்டம் படாத ஒரு நிழல் கிடைக்கும். மீனுக்கு அது திண்ணை மாதிரி. வேகமான இடம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்த ஒதுக்கிடங்கள். முழுத் தொட்டியும் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தால் மீன் களைத்துச் சாகும்.

பாசி பிடித்த கல்லுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரும் கற்களும் வெயிலில் கிடக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மீன் மேய்ந்து வெளுத்த கல்லை மேலே கொண்டுபோய் விட்டு, பச்சை பிடித்த கல்லைக் கீழே கொண்டு வருகிறேன்.

மீன்கள்

ஆசைப்பட்டது ஒன்று, வாங்கியது வேறு. வியட்நாம் மலையோடைகளைச் சேர்ந்த செவெல்லியா மீன் என் மனதில் வெகுநாளாக இருந்தது. தட்டையான உடம்பு, துடுப்புகளே ஒட்டுறுப்பு போல விரிந்து கல்லைப் பற்றிக்கொள்ளும். ஆனால் அதற்கு 25 டிகிரிக்குள் தண்ணீர் வேண்டும். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் என் தொட்டி சாதாரணமாக 32 டிகிரியைத் தொடும். குளிர்விக்கும் சில்லர் வைக்க வசதியில்லாமல் அதை வாங்குவது மீனுக்குச் செய்யும் துரோகம். விட்டுவிட்டேன்.

இந்த ஆற்றின் பெயரையே தாங்கிய மீன் ஒன்று உண்டு, டாக்கின்சியா தாம்பிரபர்ணியை. மீனியலாளர் இ. ஜி. சைலஸ் 1954இல் அறிவியல் பெயரிட்டு விவரித்தது. வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பிலிருந்து இழைகள் நீண்டு தொங்கும். சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசன் பெயரில் 1865இல் விவரிக்கப்பட்ட டெனிசன் கெண்டையை, மிஸ் கேரளா என்று அழைக்கப்படுவதை, எல்லாருக்கும் தெரியும். சிவப்புக் கோடு போட்ட அந்த மீன் ஓட்டத்தில் நிற்பதைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. இரண்டுமே அழியும் அபாயத்தில் உள்ள இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் பட்டியலிட்டவை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத மீன்கள் இவை. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் ஓடும் ஓடைகளில் வலை போடுவதைப் பற்றி யாரும் யோசிக்கவே கூடாது. என் வீட்டு ஓடைக்காக ஒரு நிஜ ஓடையில் ஒரு மீன் குறைவதை நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே பண்ணையில் பிறந்தவை மட்டும். சென்னை கொளத்தூரிலிருந்து வரும் மீன்களில் ஜயண்ட் டேனியோ 12, ஃபிலமெண்ட் பார்ப் 6. இரண்டுக்கும் சொந்த ஊர் நம் பக்கத்து ஓடைகள்தான், வெயிலும் தாங்கும். தொட்டியை மீன் இல்லாமல் ஐந்து வாரம் ஓடவிட்டு, மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனையில் வந்த பிறகுதான் விட்டேன். பழைய பவர்ஹெட் ஒன்றை ஸ்பாஞ்சோடு கால்வாய்க்குள் வைத்திருக்கிறேன், வடிகட்டும் வேலை அதற்கு. ஸ்பாஞ்சை எப்போதும் தொட்டித் தண்ணீரில்தான் பிழிவேன். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதில் வாழ்ந்து அந்த நஞ்சை மாற்றும் பாக்டீரியா செத்துப்போகும்.

வேவ்மேக்கரை முதல் நாள் 30 சதவீதத்தில் வைத்து, ஒரு வாரத்தில் முழு வேகத்துக்குக் கொண்டுபோனேன். நான்காம் நாள் மாலை, டேனியோக்கள் எல்லாம் நெருக்கத்துக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாகத் தலையை ஒரே பக்கம் திருப்பி நின்றன. கன்னடியன் கால்வாயில் பார்த்த அதே நிலை. ஃபிலமெண்ட் பார்ப்கள் மடுவில் சாவகாசமாகத் திரிந்தன; தீனி போடும்போது மட்டும் நெருக்கத்துக்குள் பாய்ந்து திரும்பின. எந்த மீன் எங்கே நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் சொன்னது.

ஒரு ஏப்ரல் இரவு

இரண்டு மீன்களை இழந்தேன். மீன் தொட்டி இருந்த அறைக்கு இன்வெர்டர் இணைப்பு இல்லை. நள்ளிரவுக்கு மேல் மின்சாரம் போயிருக்கிறது. ஐந்து மணிக்கு நான் எழுந்து பார்த்தபோது மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு டேனியோ செத்துக் கிடந்தன. தண்ணீர் அப்போது 32 டிகிரி. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது ஏழரைதான். ஓட்டம் நின்றதும் மேற்பரப்பு வழியாகக் காற்று கலப்பது குறைந்துவிட்டது. போதாக்குறைக்கு முந்தைய மாலை தீனியை வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டிருந்தேன். அது அழுகவும் ஆக்சிஜன் வேண்டும். ஓடும் தண்ணீரில் இருக்கும்போது எந்தக் குறையும் தெரியாத தொட்டி, நின்ற சில மணி நேரத்தில் மூச்சுத் திணறியது.

அன்றே எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த அறையை இன்வெர்டரோடு இணைத்தேன். கூடவே மின்சாரம் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர்பம்ப் ஒன்று. தொட்டியின் மேல் தண்ணீர்ப் பரப்பை நோக்கி ஒரு சின்ன மேஜை விசிறி வைத்ததில் 32 டிகிரி 29க்கு இறங்கியது. எங்கள் ஊர்க் காற்று வறண்டது என்பதால் இது நடக்கிறது, கடலோர ஊர்களில் இந்த அளவு இறங்காது. தினம் 3, 4 லிட்டர் ஆவியாகிறது. குளோரின் போகவிட்ட தண்ணீரால் ஈடு செய்கிறேன், வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுகிறேன். எல்லா ஒயர்களும் பிளக்குக்கு வருமுன் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விட்டிருக்கிறேன், வழியும் சொட்டு வளைவிலேயே விழுந்துவிடும். லைனில், மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் தண்ணீருக்குள் கை விடுவதே இல்லை.

தொட்டி ஓடத் தொடங்கி ஓராண்டு ஆகிவிட்டது. இன்னும் ஒரு விஷயத்தில் தண்ணீர் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆற்றின் வளைவில் உள்கரையில் மணல் சேருமே, அதே போல ஓடையின் இடது கோடியில், தடுப்பின் நுனியை ஒட்டி, நெருக்கத்திலிருந்து அரித்துவந்த மெல்லிய மணல் ஒரு சின்னத் திட்டாகப் படிகிறது. மாதம் ஒருமுறை ஒரு டம்ளரால் அதை அள்ளி மறுபடி மேலோட்டத்தில் கொட்டுகிறேன். மூன்று வாரத்தில் திட்டு அதே இடத்தில், ஏறக்குறைய அதே வடிவத்தில் வந்து நிற்கிறது. ஃபிலமெண்ட் பார்ப்கள் இப்போது இரவில் அதன் மேல்தான் தங்குகின்றன. அதனால் இந்த மாதம் அள்ளவில்லை.